‘தெரியாது’ என்றவர்களையும் அச்சிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற ஞாயிறு இதழின் முதற்பக்கத்தில், இலங்கை முழுவதிலும் நடத்திய கருத்துக் கணிப்பு ஒன்றை வைத்து, வடக்கு மக்களில் பெரும்பான்மையினர் திருப்தியாக இருக்கிறார்கள் என்று கொட்டை எழுத்தில் தலைப்புப் போட்டிருந்தீர்கள். பக்கத்தில் ஒரு வட்டப் படம். இரண்டே நிறம், ‘ஆம்’ ஒன்று, ‘இல்லை’ ஒன்று. கூட்டிப் பார்த்தேன், சரியாக நூறு வந்தது. எனக்குச் சந்தேகம் வந்ததே அந்த நூறில்தான். வடக்கில் ஓர் அரசியல் கேள்வியைக் கேட்டு, கேட்கப்பட்ட அத்தனை பேரும் இந்த இரண்டு பெட்டிக்குள் அடங்கிய வினாக்கொத்துக் கட்டு ஒன்றை நான் ஒருநாளும் கண்டதில்லை.

நான் வவுனியாவில் கணிதம் படிப்பித்து ஓய்வுபெற்றவள். 2002 சமாதான காலத்தில் பள்ளிக்கூட விடுமுறைகளில் கைச்செலவுக்கு உதவும் என்று இந்தக் கருத்துக் கணிப்பு வேலைக்குப் போனேன். முதலில் படலையில் நின்று கேட்பவளாக, பிறகு கேட்டு வரும் பிள்ளைகளின் தாள்களைச் சரிபார்க்கும் கள மேற்பார்வையாளராக. ஓய்வுபெற்ற பிறகும் விடவில்லை. என் பெயரைப் போட வேண்டாம். காரணம் கடிதத்தை வாசிக்கும்போது விளங்கும்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. 2012 குடிசன மதிப்பீட்டின்படி நாட்டின் சனத்தொகை 20,359,439. வட மாகாணத்தின் ஐந்து மாவட்டங்களும் சேர்ந்து 1,061,315. நூற்றுக்கு ஐந்து சொச்சம். (2024 மதிப்பீட்டை எடுத்தாலும் வடக்கின் பங்கு அந்த ஐந்தின் அயலில்தான் நிற்கும்.) நாடு முழுக்க 1000 பேரிடம் கேட்கும் கணிப்பில், சனத்தொகை விகிதப்படி பிரித்தால் வடக்குக்கு வருவது 52 பேர். யாழ்ப்பாணத்துக்கு 29, வவுனியாவுக்கு எட்டோ ஒன்பதோ, கிளிநொச்சிக்கு ஐந்தாறு, மன்னாருக்கு ஐந்து. முல்லைத்தீவுக்கு நாலு அல்லது ஐந்து. புதுக்குடியிருப்பு, ஒட்டுசுட்டான், துணுக்காய், கொக்கிளாய், முள்ளிவாய்க்கால் எல்லாவற்றுக்கும் சேர்த்து அந்த நாலைந்து பேர்தான் வாய் திறக்க வேண்டும்.

1000 பேர் கணிப்புக்குப் பிழை எல்லை கூடக்குறைய 3 வீதம் என்று அறிக்கையின் அடியில் போட்டிருப்பார்கள். அது முழு நாட்டுக்கும் சேர்த்துச் சொல்வது. 52 பேருக்கு அதே கணக்கைப் போட்டால் கூடக்குறைய 14 வீதம் அளவில் வரும். 55 வீதம் ‘ஆம்’ என்றால், உண்மை 41 ஆகவும் இருக்கலாம், 69 ஆகவும் இருக்கலாம். அதுவும் அந்த 52 பேரைத் தனித்தனியாகப் பொறுக்கி எடுத்திருந்தால்தான். களத்தில் அப்படி நடப்பதில்லை. ஒரு கிராமத்துக்குப் பிள்ளைகளை வான் வண்டியில் கொண்டுபோய் இறக்கினால் அங்கேயே பத்து வீடு பார்த்துவிட்டுத்தான் ஏற்றுவோம். அப்படியானால் முழு வடக்கும் ஐந்து கிராமம். ஒரே ஒழுங்கையில் இருப்பவர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரித்தான் யோசிப்பார்கள் என்பதால் பிழை எல்லை இன்னும் அகலும். சாதாரண தரத்தில் என்னிடம் படித்த பிள்ளை இதை வைத்து ‘பெரும்பான்மை’ என்று எழுதியிருந்தால் சிவப்புப் பேனையால் கீறியிருப்பேன்.

பொறுப்பான நிறுவனங்கள் இதற்கு ஒரு வழி செய்கின்றன. வடக்கில் 52 பேருக்குப் பதிலாக 300 பேரிடம் கேட்பார்கள். வடக்கைப் பற்றிப் பேசும்போது அந்த 300 ஐயும் முழுதாக எடுத்துக்கொண்டு, முழு நாட்டுக்கான விடையைக் கணக்கிடும்போது அவர்களின் நிறையைக் குறைப்பார்கள், அதாவது அந்த 300 பேரின் விடையும் 52 பேரின் அளவுக்கே எண்ணப்படும். நீங்கள் வெளியிட்ட கணிப்பில் அப்படிச் செய்தார்களா? செய்தியில் ஒரு சொல் இல்லை.

ஆட்களை எங்கே பிடிப்பது என்பது அடுத்த சங்கடம். வாக்காளர் இடாப்பை எடுத்துப் பெயர் பொறுக்கலாமே என்று கொழும்பில் இருப்பவர்களுக்குத் தோன்றும். 2005 நவம்பர் ஜனாதிபதித் தேர்தலில் யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தில் பதிவாகியிருந்த வாக்காளர் 701,938 பேர். யாழ்ப்பாணம், கிளிநொச்சி ஆகிய இரண்டு நிர்வாக மாவட்டங்களும் சேர்ந்தது அது. ஏழு வருடம் கழித்து வீடு வீடாகப் போய் எண்ணியபோது அந்த இரண்டு மாவட்டங்களிலும், தொட்டில் பிள்ளை தொடக்கம் கிழவன் கிழவி வரை, இருந்தவர்கள் 697,392 பேர். வாக்காளர் தொகை மொத்தச் சனத்தொகையை விடக் கூட! இடையில் கடைசி யுத்தம் நடந்தது உண்மை. அதில் போனவர்கள் எத்தனை பேர் என்பதற்கு இன்றுவரை எல்லோரும் ஒத்துக்கொண்ட கணக்கில்லை என்பதும் உண்மை. ஆனால் இடாப்பில் இருந்த ஏராளமானோர் அதற்கு வெகுகாலம் முன்னமே கனடாவின் ஸ்காபரோவிலும் பாரிஸின் லா சப்பலிலும் சென்னையிலும் இருந்தார்கள். இடாப்பு திருத்தத் திருத்த யாழ் மாவட்டத்தின் பாராளுமன்ற ஆசனங்கள் 2010 இல் 9, 2015 இல் 7, 2024 இல் 6 என்று இறங்கிவந்தது உங்கள் வாசகர்களுக்குத் தெரிந்ததுதான்.

இடாப்பை விட்டுக் குடிசன மதிப்பீட்டைப் பிடிக்கலாமென்றால், 1981 க்குப் பிறகு 2012 வரை முழு நாட்டையும் எண்ணிய மதிப்பீடே இல்லை. 1991 இல் நடக்கவில்லை. 2001 இல் 18 மாவட்டங்களில்தான் முழுமையாக எண்ணினார்கள். வடக்கின் ஐந்தும் மட்டக்களப்பும் திருகோணமலையும் அரைகுறையாகவோ எண்ணப்படாமலோ கிடந்தன. சமாதான காலத்தில் வந்த கருத்துக் கணிப்புகள் எல்லாம் மதிப்பிட்ட சனத்தொகையின் மேல்தான் நின்றன. மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் 2001 இல் தொடங்கிய சமாதான நம்பிக்கைச் சுட்டெண்ணை அந்த நாட்களில் எல்லாப் பத்திரிகைகளும் போட்டன. புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிகள் இதில் சேரவில்லை என்று அந்த அறிக்கையிலேயே எழுதியிருக்கும். பத்திரிகைக்கு வரும்போது அந்த வரி மட்டும் எங்கேயோ விழுந்துவிடும்.

அந்தக் காலத்தைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஓமந்தையைத் தாண்டிப் புலிகளின் பகுதிக்குள், அங்கே ஆட்சி செய்தவர்களைப் பற்றி அங்குள்ள சனத்திடமே அபிப்பிராயம் கேட்க ஒரு வினாக்கொத்தோடு போவது யோசிக்கவே முடியாத காரியம். இந்தப் பக்கம் வவுனியாவில் கேட்டபோதும் சனம் அந்தக் கேள்விக்கு மட்டும் மனப்பாடம் செய்த மாதிரி விடை சொன்னது. வாய் ஒன்று சொல்லும், கண் படலைப் பக்கம் போகும். பயம் ஒரு பக்கத்தால் மட்டும் வந்தது என்று எழுதினால் நம்மவர்களுக்குப் பிடிக்கும். அது பொய்.

இனி அந்த வீட்டுப் படலைக்கு வருகிறேன். கருத்துக் கேள்விகள் தொடங்க முன்னர் வீட்டில் யாரிடம் கேட்பது என்று முடிவெடுக்க வேண்டும். முன்னால் வந்து நிற்பவரிடமே கேட்டால், எப்போதும் வீட்டில் இருக்கும் வயதானவர்கள்தான் மாதிரியில், அதாவது கேட்கத் தெரிவானவர்களில், நிறைவார்கள். இதற்கு லெஸ்லி கிஷ் என்பவர் 1949 இல் ஓர் அட்டவணை எழுதிவைத்தார். வீட்டிலுள்ள பெரியவர்கள் எல்லோரையும் வயது வரிசையில் எழுதி, அட்டவணை காட்டும் ஆளை எடுப்பது. கணித ஆசிரியைக்கு அது அழகான முறை. ஆனால் வன்னியில் ஒரு வீட்டுக்குப் போய், வந்த இரண்டாவது நிமிடத்தில், “உங்கட வீட்டில பதினெட்டு வயசுக்கு மேல ஆர் ஆர் இருக்கினம்? பெயரும் வயசும் சொல்லுங்கோ” என்று கேட்டுப் பாருங்கள். வீட்டுக்கு ஒருவர் என்று பிள்ளை பிடித்த காலத்தில் இயக்கம் கேட்டது இதைத்தான். முகாமிலிருந்து திரும்பி வந்த பிறகு படையினர் கேட்டதும் இதைத்தான். 2011 இல் யாழ்ப்பாணத்திலும் கிளிநொச்சியிலும் படையினர் வீடு வீடாகக் குடும்பங்களைப் பதிந்து, அது உயர் நீதிமன்றம் வரை போனது. அதற்குப் பிறகு அதே படலையில் நாங்கள் போய் நின்று அதே கேள்வியைக் கேட்கிறோம், கையில் அதே மாதிரி ஒரு தாள்.

அதனால் நான் பிள்ளைகளிடம் அட்டவணையை மடித்து வைக்கச் சொல்வேன். “வீட்டில பெரியாக்களில கடைசியா ஆருக்குப் பிறந்தநாள் வந்தது?” என்று மட்டும் கேட்கச் சொல்வேன். ஒழுங்கான மாற்று முறைதான், பல நாடுகளில் செய்வது. ஒட்டுசுட்டானில் ஓர் அம்மா சிரித்துக்கொண்டே கேட்டா, “பிறந்தநாள் கொண்டாடுற நிலையிலயா பிள்ளை நாங்கள் இருக்கிறம்?” ஆனால் சொன்னா. பெயர்ப் பட்டியல் கேட்டிருந்தால் சொல்லியிருக்க மாட்டா, அல்லது இரண்டு பேரைக் குறைத்துச் சொல்லியிருப்பா.

இப்போது நான் முக்கியமாகச் சொல்ல வந்ததுக்கு வருகிறேன். கருத்துக் கணிப்பு அறிக்கைகளில், கேட்கப் போனவர்களில் எத்தனை பேர் பதில் தந்தார்கள் என்று ‘பதிலளிப்பு வீதம்’ ஒன்று போட்டுப் பெருமைப்படுவார்கள். கொழும்பில் பணக்கார வீதிகளில் காவலாளி கேற்றோடு திருப்பி அனுப்பிவிடுவான், அங்கே வீதம் குறையும். வடக்கில் எகிறும். வடக்குச் சனத்துக்குக் கருத்துச் சொல்ல அவ்வளவு ஆசையா? இல்லை. தாளும் பேனையுமாக வந்து நிற்பவருக்குப் ‘போ’ என்று சொல்லலாம் என்பதை அவர்கள் மறந்து எவ்வளவோ காலம். கதிரை எடுத்துப் போடுவார்கள். பிளேன்ரீ வரும். எல்லாக் கேள்வியையும் பொறுமையாகக் கேட்பார்கள். அரிசி விலை, பிள்ளையின் படிப்பு, ஆஸ்பத்திரி, பஸ் எல்லாவற்றுக்கும் விறுவிறுவென்று விடை வரும். பிறகு ஒரு கேள்வியில் நிற்கும். அரசாங்கத்தை நம்புகிறீர்களா? படைமுகாம் பற்றி? காணாமற்போனோர் விசாரணை பற்றி? “எங்களுக்கு என்ன பிள்ளை தெரியும்.” “அது பெரியாக்களைக் கேக்க வேணும்.” “நீங்களே ஒண்டைப் போடுங்கோ.”

கடைசியாகச் சொன்னது எனக்கு எப்போதும் வயிற்றைக் கலக்கும். நீங்களே போடுங்கோ என்றால், எனக்கு ஆபத்தில்லாத விடை எது என்று உனக்குத் தெரியும்தானே, அதைப் போட்டுவிட்டுப் போ என்று அர்த்தம். களத்துக்குப் புதிதாக வந்த பிள்ளைகள் சிலவேளை போட்டும் விடுவார்கள், பெரும்பாலும் ‘ஓரளவு திருப்தி’ என்று. அப்படி ஒரே கையெழுத்தில் வரிசையாக ‘ஓரளவு’ விழுந்த தாள்களைத் திருப்பி அனுப்புவதுதான் மேற்பார்வையாளரின் பாதி வேலை.

எங்கள் வினாக்கொத்தில் 98 என்றால் ‘தெரியாது’, 99 என்றால் ‘சொல்ல விருப்பமில்லை’. இரண்டையும் வேறுபடுத்திப் போடச் சொல்லிப் படிப்பிப்போம். களத்தில் இரண்டுக்கும் இடையில் கோடு இல்லை. விருப்பமில்லை என்று சொல்வதே ஒரு கருத்துச் சொன்னதாகிவிடும் என்பதால் எல்லோரும் 98 இலேயே போய் ஒதுங்குவார்கள். பிறகு கொழும்பில் கணினிக்கு முன்னால் இருப்பவர் 98 ஐயும் 99 ஐயும் கழித்துவிட்டு மிச்சத்தை நூறாக்குவார். என்ன நடக்கிறது என்று பாருங்கள். உதாரணத்துக்கு 100 பேர். 30 பேர் ஆம், 20 பேர் இல்லை, 50 பேர் தெரியாது. கழித்து நூறாக்கினால் 60 வீதம் ஆம், 40 வீதம் இல்லை. ‘பெரும்பான்மையினர் ஆம்’ என்று தலைப்பு வரும். உள்ளபடி பார்த்தால் ஆம் என்றவர் நூற்றுக்கு முப்பதே பேர், சரிபாதிப் பேர் வாய் திறக்காதவர்கள். உங்கள் வட்டப் படம் எப்படி நூறாகியது என்று இப்போது விளங்கியிருக்கும்.

இந்த மௌனத்தை அக்கறையின்மை என்று எடுத்துக்கொள்பவர்களுக்கு ஒரு தொகை சொல்கிறேன். நான் மேலே சொன்ன அந்த 701,938 வாக்காளர்களில் 2005 இல் வாக்களித்தவர்கள் 8,524 பேர், 1.2 வீதம். நாடு முழுவதிலும் இரண்டு பிரதான வேட்பாளர்களுக்கும் இடையில் இருந்த வித்தியாசம் 180,786 வாக்கு. யாழ்ப்பாணத்துக்கு அன்று அரசியலில் அக்கறை இல்லாமல் போனது என்று எவராவது சொல்வார்களா?

அருகில் யார் நிற்கிறார்கள் என்பதும் விடையை மாற்றும். ஒருவரோடு தனியாகப் பேச வேண்டும் என்பது விதி. வன்னியில் தனிமை எங்கே? தகரக் கொட்டிலில் இருந்தால் பக்கத்து வீட்டுக்குக் கேட்கும். மரத்துக்குக் கீழே இருந்தால் பத்துப் பேர் கூடுவார்கள், மருமகளிடம் கேட்டால் மாமியார் விடை சொல்லுவா. சில இடங்களில் விதானையார் (கிராம அலுவலர்) உதவிக்கு என்று கூடவே வந்துவிடுவார். நல்ல மனுசன்தான், பாதை காட்டத்தான் வந்தார். ஆனால் நிவாரணப் பட்டியலும் வீட்டுத்திட்டப் பட்டியலும் அவர் கையால்தானே போகிறது. இந்திய அரசின் 50,000 வீட்டுத் திட்டத்துக்குப் பயனாளிகளைத் தெரிவுசெய்துகொண்டிருந்த வருடங்களில், நாங்கள் எதைக் கேட்டாலும் அது வீட்டுக்கான பதிவு என்றுதான் சனம் நம்பியது. அந்த நம்பிக்கையில் வருமானத்தைக் குறைத்துச் சொன்னார்கள், திருப்தியைக் கூட்டிச் சொன்னார்கள். இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். நான் அவர்களைக் குறை சொல்ல மாட்டேன்.

யுத்தம் முடிந்த கையோடு வடக்கில் இப்படி ஒரு வேலை செய்ய ஜனாதிபதி செயலணியின் அனுமதி வேண்டியிருந்தது. அனுமதிக் கடிதம் பையில் இருந்தால் வழியில் மறிப்பவர்களுக்குக் காட்டலாம். ஆனால் அதைக் கண்ட வீட்டுக்காரர், இவர்கள் அரசாங்கத்தின் ஆட்கள் என்று முடிவுகட்டிவிடுவார். காட்டினாலும் கெட்டோம், காட்டாவிட்டாலும் கெட்டோம். இன்னொன்று, நாங்கள் போன பிறகு நடப்பது. ஒரு கிராமத்தில் வேலை முடித்து வந்த அடுத்த நாள் மோட்டார் சைக்கிளில் இரண்டு பேர் அதே வீடுகளுக்குப் போய், என்ன கேட்டார்கள், நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று விசாரித்திருக்கிறார்கள். யார் என்று அவர்களும் சொல்லவில்லை, சனமும் கேட்கவில்லை. தாள்களைச் சரிபார்க்க நான் திரும்பப் போனபோது ஓர் ஐயா படலையிலேயே வைத்துச் சொன்னார், “ரீச்சர், நீங்கள் நல்லாத்தான் கேட்டனீங்கள். ஆனா இனி வராதேங்கோ.”

காணாமற்போனோரின் தாய்மார் மட்டும் விதிவிலக்கு. அவர்கள் வாய் திறந்து சொல்வார்கள். ஆனால் சொல்லிச் சொல்லிக் களைத்துவிட்டார்கள். 2010 இல் கற்றுக்கொண்ட பாடங்கள் ஆணைக்குழு, 2013 இல் பரணகம ஆணைக்குழு, 2016 இல் நல்லிணக்கக் கலந்தாலோசனைச் செயலணி, 2018 இல் காணாமற்போனோர் அலுவலகம், இடையிடையே எங்களைப் போன்றவர்கள். 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் வீதிக்கு வந்து இருந்த பிறகு அவர்களிடம் ‘மிகவும் திருப்தி, ஓரளவு திருப்தி, திருப்தியில்லை’ என்று படி படியாகக் கேட்கப் பிள்ளைகளை அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. அந்தப் பகுதி மாதிரியில் விழுந்தபோது நானே போனேன். ஒருத்தி முழுவதையும் கேட்டுவிட்டு, இதில் எதைப் போட்டால் அவன் வருவான் என்று கேட்டா. அதற்கு வினாக்கொத்தில் இலக்கம் இல்லை.

பயப்படும் ஆளிடம் உண்மையைப் பெற வழியே இல்லையா என்று கேட்பீர்கள். சில உபாயங்கள் உண்டு. ஸ்டான்லி வார்னர் என்ற அமெரிக்கர் 1965 இல் தொடக்கிவைத்த வழியில் ஒன்றைச் சொல்கிறேன். விடை சொல்பவர் ஒரு காசை எனக்குக் காட்டாமல் சுண்ட வேண்டும். ஒரு பக்கம் விழுந்தால் உண்மை என்னவானாலும் ‘ஓம்’ என்று சொல்ல வேண்டும். மற்றப் பக்கம் விழுந்தால் உண்மையைச் சொல்ல வேண்டும். ஒருவர் ‘ஓம்’ என்றால் அது காசு சொன்னதா அவர் சொன்னதா என்று எவராலும், நீதிமன்றத்தாலும், கண்டுபிடிக்க முடியாது. ஆனால் நூறு பேரில் 65 பேர் ஓம் என்றால், சுமார் 50 காசின் கணக்கு. மிச்சம் 50 பேரில் 15 பேர் தாங்களாகச் சொன்னது. அப்படியானால் உண்மை 30 வீதத்துக்குக் கிட்ட. கணிதத்தில் இதைவிட அழகான தந்திரம் குறைவு.

இதை நெடுங்கேணிப் பக்கம் செய்து பார்த்தோம். நமது காசில் தலை கிடையாது. ஒரு பக்கம் அரச இலச்சினை, மற்றப் பக்கம் இலக்கம். இலச்சினை விழுந்தால் ‘ஓம்’ சொல்லுங்கோ என்று ஓர் ஆச்சிக்கு விளங்கப்படுத்தினேன். ஆச்சி காசைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “அரசாங்கத்தின்ர பக்கம் விழுந்தா ஓம் எண்டுதானே சொல்ல வேணும், அது எங்களுக்குத் தெரியாதே?” என்றா. பயிற்சிக் கொப்பி எழுதியவர்கள் அந்த ஆச்சியைக் கண்டதில்லை.

இது தமிழருக்கு மட்டும் உள்ள வியாதி என்று நினைக்க வேண்டாம். கெப்பித்திகொல்லாவப் பக்கம் 2006 ஜூனில் பஸ் குண்டுவெடிப்பில் 60 இற்கும் மேற்பட்டோர் செத்த பிறகு, அந்த எல்லைக் கிராமங்களில் வேலைசெய்த சிங்களப் பிள்ளைகள் கொண்டுவந்த தாள்களிலும் 98 நிறைய இருந்தது. “தன்னே நே”, சிங்களத்தில் ‘தெரியாது’, என்பதை அவர்கள் சொல்லிக் காட்டிய விதம், தலையைக் குனிந்துகொண்டு, எங்கள் சனம் சொல்வது போலவே இருந்தது. யுத்தம் வேண்டுமா சமாதானம் வேண்டுமா என்று கேட்டால் சொல்வார்கள். ஊர்காவல் படை பற்றிக் கேட்டால் தெரியாது. தெற்கில் எல்லோரும் யுத்தத்தை ஆதரிக்கிறார்கள் என்று நம் பத்திரிகைகள் அப்போது போட்ட தலைப்புகளிலும் அந்தக் கிராமங்கள் இல்லை.

வெளியில் ஒரு உதாரணம். ஆப்கானிஸ்தானில் ஒரே ஒரு குடிசன மதிப்பீடுதான் நடந்தது, 1979 இல், அதுவும் முழுமையில்லை. அந்த நாட்டில் ஆசியா பவுண்டேஷன் 2006 தொடக்கம் 2019 வரை நாடளாவிய கருத்துக் கணிப்பு நடத்திவந்தது. 2019 இல் 34 மாகாணங்களிலும் 17,812 பேர். பெண்களிடம் பெண்களே கேட்டார்கள். போக முடியாத இடங்களுக்குப் பதிலாக வேறு இடங்களை எடுத்ததை அறிக்கையின் பின்னிணைப்பில் ஒளிக்காமல் எழுதினார்கள். அந்த வருடம் தலிபான் மீது அனுதாபம் உண்டு என்றவர்கள் 13.4 வீதம், இல்லை என்றவர்கள் 85.1 வீதம். 2021 ஓகஸ்டில் காபூல் தலிபான் கையில் விழுந்தது. கணிப்புப் பொய்த்துவிட்டது என்று இதற்குச் சொல்ல முடியாது, அனுதாபம் வேறு, ஆயுதம் வேறு. ஆனால் அந்த 85 ஐ மட்டும் படித்து, பின்னிணைப்பைப் படிக்காமல் விட்டவர்கள் உலகம் முழுக்க இருந்தார்கள். பின்னிணைப்பாவது அங்கே இருந்தது.

கருத்துக் கணிப்பே வேண்டாம் என்று சொல்பவர்கள் நம்மிடையே உண்டு, முக்கியமாக மேடையில் நின்று ‘எமது மக்கள் ஒருமித்த குரலில்’ என்று பேசுபவர்கள். அவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஒருமித்த குரலை நான் எந்தக் கிராமத்திலும் கேட்கவில்லை. ஒரே வீட்டில் தகப்பனுக்கும் மகளுக்கும் சரிவராது. மீன்பிடி உரிமை, சாதி, சீதனம், படித்த பிள்ளைகள் வெளிநாடு போவது, இதிலெல்லாம் சனம் சொன்னதைக் கேட்டால் மேடைக்காரர்கள் முகம் கறுப்பார்கள். கேட்கத்தான் வேண்டும். ரெலிபோனில் கேட்பது மலிவு என்று இப்போது அதற்கு மாறிவருகிறார்கள். அடையாள அட்டை கொடுத்து வாங்கிய சிம்மில், முகம் தெரியாத ஒருவர் அரசியல் கேட்டால் என்ன வரும் என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

உங்களிடம் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அடுத்த முறை இப்படி ஒரு கணிப்பு மேசைக்கு வந்தால், நடத்தியவர்களுக்கு ஒரு அழைப்பு எடுத்து, வடக்கில் எத்தனை பேரிடம் கேட்டீர்கள், அந்தக் கேள்விக்கு 98, 99 போட்டவர்கள் எத்தனை பேர் என்று இரண்டு இலக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். தராவிட்டால் தரவில்லை என்று போடுங்கள். தந்தால் வட்டப் படத்தில் மூன்றாவது நிறமாகத் தீட்டுங்கள், சாம்பல் நிறம் போதும். உங்களுக்குப் பிடித்த முடிவு வரும்போதும் இதையே செய்யுங்கள். ‘தமிழர்களில் பெரும்பான்மையினர் நிராகரிப்பு’ என்று சில மாதங்களுக்கு முன் நீங்கள் போட்ட செய்தியிலும் சாம்பல் நிறம் இருக்கவில்லை. அதற்கு ஒருவரும் கடிதம் எழுதியதாகத் தெரியவில்லை.

நீண்ட கடிதம் என்று தெரியும். இடம் காணாவிட்டால் ஆப்கானிஸ்தான் பகுதியை எடுத்துவிடலாம், ஆச்சியையும் எடுக்கலாம். 52 பேர் கணக்கையும் 30, 20, 50 கணக்கையும் மட்டும் தயவுசெய்து வெட்ட வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியை,
வவுனியா.